வாசல் வழியாக வந்தவரா, வேலி தாண்டி வந்தவரா? அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பத்தாருக்கான குடியேற்ற வழிகள்

மகன் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்துவிட்டான். அந்த மண்ணிலேயே பிறந்தவன் என்பதால் அவனுடைய குடியுரிமையில் சிக்கல் இல்லை. தாயிடம்தான் எந்தக் காகிதமும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ எல்லையை இரவில் நடந்து கடந்தவர் அவர். மகன் அரசின் சீருடையில் காவல் நிற்கிறான். தாய் அதே அரசின் வண்டி தெருவில் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார். படைத்தளங்களை ஒட்டிய ஊர்களில் இது அபூர்வமான குடும்பம் அல்ல. இவர்களுக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று கேட்டால், விவரம் தெரிந்த வழக்கறிஞர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா நாட்டுக்குள் எப்படி வந்தார்?" என்பதுதான். மகனின் பதவியோ பதக்கமோ அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை? அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், குடிமகனுக்கு 21 வயது நிறைந்திருந்தால் அவருடைய பெற்றோர் ஆகியோரைச் சட்டம் 'உடனடி உறவினர்' என்று தனி வகையில் வைத்திருக்கிறது. இவர்களுக்கு ஆண்டு வரம்பு இல்லை, வரிசையும் இல்லை. ஐ-130 என்ற உறவு மனு ஏற்கப்பட்டால் கிரீன் கார்டு கைக்கெட்டும் தூரம் என்றுதான் தோன்றும். ஆனால் நாட்டுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு வாங்க வேண்டுமானால், விண்ணப்பிப்பவர் அதிகாரி பார்த்து அனுமதித்து உள்ளே வந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல் 'பரோல்' என்ற தற்காலிக அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். வேலி தாண்டி வந்தவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார்.

சரி, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்த் தூதரகத்தில் விசா வாங்கி முறைப்படி வரலாமே என்றால், அங்கே இன்னொரு சுவர் நிற்கிறது. 180 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால் 3 ஆண்டுகள் திரும்ப முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 ஆண்டுகள். உள்ளே இருக்கும்வரை இந்தத் தடை தூங்கிக்கொண்டிருக்கும். எல்லையைக் கடந்த கணத்தில் விழித்துக்கொள்ளும். இதற்கு விலக்கு கேட்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவரின் கணவனோ மனைவியோ பெற்றோரோ குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உடையவராக இருந்து, பிரிவால் அவர்கள் கடுமையாகத் துன்பப்படுவார்கள் என்று காட்ட வேண்டும். பிள்ளையின் துன்பம் இந்தக் கணக்கில் சேராது. நம் கதையில் வரும் தாய்க்கு மகனைத் தவிர வேறு யாரும் இல்லையென்றால், இந்த விலக்கும் அவருக்கு மூடிய கதவுதான்.

இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே திறக்கப்பட்ட சிறு கதவின் பெயர் 'பரோல் இன் பிளேஸ்'. பரோல் என்றதும் நமக்குச் சிறையிலிருந்து சில நாள் வீட்டுக்கு வரும் கைதிதான் நினைவுக்கு வருவார். இந்தப் பரோலுக்கும் சிறைக்கும் தொடர்பு இல்லை. ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவரை, அவர் இருக்கும் இடத்திலேயே வைத்து, 'இவர் பரோலில் அனுமதிக்கப்பட்டவர்' என்று அரசு எழுதிக் கொடுப்பது இது. அந்த ஒரு காகிதம் வந்துவிட்டால் முதல் சுவர் விலகிவிடும். நாட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை என்பதால் இரண்டாவது சுவருக்கும் வேலையில்லை. உடனடி உறவினராக இருப்பவர் உள்ளூரிலேயே ஐ-485 படிவத்தில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

இது எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு வருத்தமான நிகழ்வு இருக்கிறது. 2007 மே மாதம் ஈராக்கில் நடந்த தாக்குதலில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் காணாமல் போனார். அவரைத் தேடிப் படை அலைந்துகொண்டிருந்த அதே வேளையில், டொமினிக்கன் குடியரசிலிருந்து அனுமதியின்றி வந்திருந்த அவருடைய மனைவியை நாடு கடத்தும் வழக்கு நிலுவையில் இருந்தது. செய்தி வெளியானதும் நாடே முகம் சுளித்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த மைக்கேல் செர்டாஃப் தலையிட்டு அவருக்கு வழிவிட்டார். அதற்குப் பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக வழங்கப்பட்ட சலுகை, 2013 நவம்பரில் வெளியான ஒரு கொள்கைக் குறிப்பால் நாடு முழுவதற்கும் ஒரே முறையானது. 2016இல் அது விரிவுபடுத்தப்பட்டது. 2019 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் செலவினச் சட்டத்தில், படையினர் குடும்பங்களுக்கு இந்தப் பரோல் முக்கியமானது என்று நாடாளுமன்றமும் எழுதி வைத்தது. இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இது உரிமை அல்ல. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே பார்த்து அதிகாரி விரும்பினால் கொடுப்பது. குற்றப் பின்னணி இருந்தால் மறுக்கப்படலாம். மறுக்கப்பட்டவரின் முகவரி அரசின் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். குடியேற்ற நடவடிக்கைகள் கடுமையாகிவிட்ட இக்காலத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

யாருக்குக் கிடைக்கும்? முழுநேரப் பணியில் இருப்பவர், 'செலக்டட் ரிசர்வ்' என்ற பகுதிநேரப் படைப்பிரிவில் இருப்பவர், இந்த இரண்டில் ஒன்றில் முன்பு பணியாற்றி இழிவான முறையில் வெளியேற்றப்படாத முன்னாள் படையினர் ஆகியோரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மகன், மகள் கேட்கலாம். அண்ணன், தம்பி, அக்காள், தங்கைக்கு இந்தக் கதவு இல்லை. சிப்பாய் தன் தம்பிக்காக எவ்வளவு உருகினாலும் பயனில்லை. பரோல் ஓராண்டுக்கு என்று வழங்கப்படும், புதுப்பிக்கலாம். அதன் அடிப்படையில் வேலை செய்யும் அனுமதியும் கேட்கலாம். விண்ணப்பம் ஐ-131 படிவத்தில். கட்டண விஷயத்தில் கவனம் தேவை: 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் பரோலுக்குப் பொதுவாக 1000 டாலர் கட்டணம் விதித்து, சில விலக்குகளையும் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் குடியேற்றச் சேவைத் துறையின் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்வதே பத்திரம்.

இனி, பலர் தடுக்கி விழும் இடங்கள். சிப்பாய்க்கு 19 வயது என்றால் தாய்க்குப் பரோல் கேட்கலாம். கிரீன் கார்டு மனுப்போட 21 நிறைய வேண்டும். அதுவரை பரோலைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். வளர்ந்த பிள்ளைகளுக்கும் பரோல் உண்டு என்றேன். ஆனால் 21 வயது கடந்தவரோ மணமானவரோ 'உடனடி உறவினர்' வகையில் வராததால், அனுமதியின்றித் தங்கிய காலம் அவர்களுடைய கிரீன் கார்டுக்குக் குறுக்கே நிற்கும். பரோல் கிடைத்துவிட்டது, ஒரு நடை ஊருக்குப் போய் வரலாம் என்று கிளம்பினால், விமானம் ஏறியதோடு பரோல் முடிந்துபோகும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது இன்னொன்று: மொத்தமாக ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்து வெளியேறியவரோ நாடு கடத்தப்பட்டவரோ, பிறகு மறுபடியும் வேலி தாண்டி வந்திருந்தால், நிரந்தரத் தடை விழும். பத்தாண்டுகள் வெளியே இருந்த பிறகே அதற்கு விலக்கு கேட்க முடியும். பரோல் அதைத் தொடாது. இரண்டாம் முறை கடந்ததை வழக்கறிஞரிடம் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வைத்தியரிடம் நோயை மறைப்பது போலத்தான் அது.

2024இல் குடிமக்களின் மனைவி, கணவர்களுக்காக அறிவிக்கப்பட்ட பொதுவான பரோல் திட்டம் ஒன்றை அதே ஆண்டு நவம்பரில் டெக்சஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, படையினர் குடும்பங்களுக்கான பரோலும் போய்விட்டது என்று நினைத்தவர்கள் பலர். இரண்டும் வேறு வேறு.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை கதை பெரும்பாலும் இப்படித் தொடங்காது. நம்மவர்கள் அதிகமாக விமானத்தில், விசாவோடு, அதிகாரி முத்திரை குத்தி வந்தவர்கள். மாணவ விசாவோ சுற்றுலா விசாவோ காலாவதியான பிறகும் தங்கிவிட்டவருக்குப் 'பரோல் இன் பிளேஸ்' கிடைக்காது. அவருக்கு அது தேவையும் இல்லை. அவர் வாசல் வழியாக வந்தவர். குடிமகனின் உடனடி உறவினர் என்றால், காலாவதியாகித் தங்கியதையும் அனுமதியின்றி வேலை செய்ததையும் அந்த வகைக்குச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவது போல, சிப்பாயின் மனைவி பரோல் தேடி அலைய வேண்டியதில்லை. அவர் செய்யக் கூடாத காரியம் ஒன்றுதான்: பதற்றத்தில் சென்னைக்கு விமானம் ஏறிவிடுவது. மேலே சொன்ன 3 ஆண்டு, 10 ஆண்டுத் தடை அவருக்கும் பொருந்தும்.

அமெரிக்கப் படையில் சேரக் குடியுரிமை கட்டாயமில்லை, கிரீன் கார்டு இருந்தால் போதும். எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 சார்பு விசாவில் வளர்ந்த பிள்ளைகள் சேர முடியாது. 2009 முதல் சில ஆண்டுகள் 'மாவ்னி' என்ற திட்டத்தில், அரிய மொழி தெரிந்தவர்களைக் கிரீன் கார்டு இல்லாமலே எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016க்குப் பிறகு புதிதாக ஆள் எடுப்பது நின்றுவிட்டது. இன்றும் அதன் பெயரைச் சொல்லிக் காசு கேட்கும் முகவர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிரீன் கார்டோடு சேர்ந்த சிப்பாய்க்கு இருக்கும் பெரிய சலுகை, குடியுரிமைக்காக மற்றவர்களைப் போல 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம் என்பது. அமைதிக் காலத்தில் ஓராண்டு நற்சேவை போதும். 2001 செப்டம்பர் 11 முதல் இன்றுவரை போர்க்காலமாகவே அறிவிக்கப்பட்டிருப்பதால் அந்த ஓராண்டுக் கணக்கும் தேவைப்படுவதில்லை. விண்ணப்பக் கட்டணமும் இல்லை. இது குடும்பத்துக்கு ஏன் முக்கியம்? மதுரையில் மணம் முடித்த சிப்பாய் கிரீன் கார்டுக்காரராகவே இருந்தால் அவர் மனைவி வரிசையில் நிற்க வேண்டும். அவர் குடிமகனான அன்றே மனைவி உடனடி உறவினர் ஆகிவிடுகிறார். ஆகவே மனைவியின் மனுவைப் பற்றிக் கவலைப்படும் முன், தன் குடியுரிமை விண்ணப்பத்தை முடிப்பதே சிப்பாய் செய்ய வேண்டிய முதல் வேலை. ஐந்தாண்டு நற்சேவை நிறைவதற்குள் தகாத காரணத்தால் வெளியேற்றப்பட்டால் அந்தக் குடியுரிமையையே பறிக்க முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வருமானக் கணக்கிலும் ஒரு சலுகை உண்டு. உறவினரை அழைப்பவர் வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் காட்ட வேண்டும் என்பது பொது விதி. முழுநேரப் பணியில் இருக்கும் சிப்பாய் தன் மனைவியையோ கணவனையோ சிறு பிள்ளையையோ அழைத்தால் 100 சதவீதம் போதும். புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் சம்பளத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது. பெற்றோரை அழைக்கும்போது இது பொருந்தாது.

காகிதங்களில் நம்மவர்களுக்கு வரும் தலைவலி பெயர்தான். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், பள்ளிச் சான்றில் இனிஷியலாகவும், திருமணப் பதிவில் இரண்டும் இல்லாமலும் இருக்கும். படையின் குடும்பப் பதிவேட்டில் மனைவியைச் சேர்க்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிவிட்டால் பிற்பாடு வரும் கேள்விகள் குறையும். கோயிலில் தாலி கட்டிய படங்கள் மட்டும் போதாது. பதிவு அலுவலகச் சான்று வேண்டும்.

கணவன் ஜெர்மனியின் ராம்ஸ்டைனுக்கோ தென்கொரியாவின் கேம்ப் ஹம்ஃப்ரீஸுக்கோ மாற்றப்பட்டால், கூடவே போகும் கிரீன் கார்டு மனைவிக்குக் குடியுரிமை தள்ளிப்போகுமே என்ற அச்சம் எழும். உண்மையில் கிடைக்கும் பலன் நேர்மாறானது. அதிகாரபூர்வ ஆணையின்படி கணவனோடு வெளிநாட்டில் வாழும் காலம் அமெரிக்காவில் வாழ்ந்ததாகவே எண்ணப்படும். குடிமகனான கணவன் வெளிநாட்டில் பணியமர்த்தப்படும் நிலையில், வழக்கமான 3 ஆண்டுக் காத்திருப்பே இல்லாமல் மனைவி விண்ணப்பிக்க இன்னொரு பிரிவும் இருக்கிறது. மாற்றல் ஆணையின் நகலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

படைத்தளங்களில் சட்ட உதவி அலுவலகம் இருக்கும். படையினருக்கும் குடும்பத்துக்கும் இலவசம். குடியேற்றச் சட்டத்தில் அவர்கள் எல்லாரும் கரைகண்டவர்கள் அல்லர் என்றாலும், எந்த வழக்கறிஞரிடம் போகலாம் என்று கேட்க நல்ல இடம் அது.

சிப்பாய் உயிரிழந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் முன்கூட்டிப் பேச விரும்புவதில்லை. 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கிய ஓரிரு நாளில் இறந்த ஹோசே அந்தோனியோ குத்தியேரஸ், குவாதமாலாவில் பிறந்த அநாதை. அமெரிக்கக் குடியுரிமை அவருக்கு இறந்த பிறகுதான் வந்தது. அப்போது அந்தக் குடியுரிமை ஒரு கௌரவம் மட்டுமே, குடும்பத்துக்கு அதனால் எதுவும் கிடைக்காது. அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறிய சட்டம் அதை மாற்றியது. போரில் ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ இறந்த குடிமகனின் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் இப்போது தாங்களே ஐ-360 படிவத்தில் மனுப்போடலாம். சிப்பாய்க்கு 21 வயது நிறையவில்லை என்றாலும் பெற்றோர் உடனடி உறவினராகவே கருதப்படுவார்கள். இறந்த பிறகு குடியுரிமை பெற்றவரின் குடும்பத்துக்கும் இது பொருந்தும். அந்தக் குடியுரிமையைக் கேட்பதற்கு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் கெடு. உறவினர் மனுவுக்கும் 2 ஆண்டுகள்தான். முன்பே போட்ட ஐ-130 மனு நிலுவையில் இருந்தால் புதிதாகப் போட வேண்டியதில்லை, அது தானாகவே மாறிக்கொள்ளும்.