லினக்ஸ் போடும் முன் ஒரு கேசட்டை ஓட விடுங்கள்

பெங்களூரு அல்சூரில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து, வாரத்துக்கு நாலு பேராவது அதே கேள்வியோடு படியேறுகிறார்கள்: "இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?"

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. 2016, 17-இல் வாங்கிய ஐ3, ஐ5 எல்லாம் இதில் அடிபட்டுப் போகின்றன. மெஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை (ஓஎஸ்) போட்டுக்கொள்ளலாம்.

போன மழையில் வந்த பெரியவர் ஒரு துணிப்பையையும் கொண்டு வந்தார். உள்ளே அறுபது கேசட்டுகள். மார்கழி பஜனை, அவர் அண்ணன் பாடிய திருப்புகழ், ஏதோ கல்யாண வீட்டுப் பேச்சு. வேறொரு கடையில் புது லேப்டாப் வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "தம்பி, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இந்தப் பெட்டியால முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு."

முடியும் சார் என்றேன். ஆனால் அன்றைக்கு அவருடைய சிஸ்டத்தில் விண்டோஸை நான் தொடவில்லை. ஒலியைப் பதிந்து திருத்த உதவும் ஆடாசிட்டியை மட்டும் போட்டுக் கொடுத்தேன். கட்டற்ற மென்பொருள், விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும்.

லினக்ஸ் பிடிக்கவில்லை என்று திரும்பி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இயங்குதளத்தைப் பற்றி எந்தக் குறையும் இருக்காது. பழகின சாஃப்ட்வேரைக் காணோம், அதுதான் சண்டை. அதனால் முதலில் சாஃப்ட்வேரை மாற்றுங்கள். போட்டோவுக்கு கிம்ப், படம் வரைய இங்க்ஸ்கேப், கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ். எல்லாமே விண்டோஸில் கிடைக்கும். ஒரு மாதம் கை பழகட்டும். அடியில் இருக்கும் ஓஎஸ்ஸை அப்புறம் உருவிக்கொள்ளலாம்.

பெரியவருக்கு வந்த முதல் சிக்கலுக்கும் ஓஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. டேப் ரெக்கார்டரிலிருந்து வயரை அதில் செருகினால் ஒன்றும் பதிவாகாது. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் தேடி, வெளியிலிருந்து ஒலியை வாங்கும் லைன்-இன் ஓட்டை உள்ள யூஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்று வாங்கச் சொன்னேன். பெரும்பாலான அடாப்டர்களுக்கு லினக்ஸில் தனி டிரைவர் வேண்டாம். ஆடாசிட்டியின் மீட்டரில் சத்தத்தின் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் போதும். ஒரு மணி நேரக் கேசட் வேவ் கோப்பாகச் சுமார் 600 எம்பி வரும்; தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்காகச் சேமித்தால் ஏறக்குறைய பாதி. டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலை எடுக்கவும் வழி இருக்கிறது. பாட்டு தொடங்கும் முன் வெறும் இரைச்சல் ஓடும் இரண்டு விநாடியைத் தேர்ந்து மாதிரியாகக் கொடுத்துவிட்டு, முழுப் பதிவுக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட வேண்டும். அளவு மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அசலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஆடாசிட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னத்தைப்பா மாத்தின?" என்றார். ரெக்கார்டிங் டிவைஸின் பெயர் மட்டும் வேறாக இருந்தது.

இனி என் கைத்தவறு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு அக்காவின் கணினியில் லினக்ஸ் போடும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டேன். விண்டோஸில் சி டிரைவை ஃபார்மேட் செய்தால் டி அப்படியே இருக்குமே, அந்தப் பழக்கம். இங்கே டிஸ்க் என்றால் முழு டிஸ்க். டி-யில் அவர் ஸ்கேன் செய்து வைத்திருந்த அம்மாவின் கோல நோட்டு இருந்தது. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக்கை வைத்துக் கொஞ்சம் மீட்டேன். பெயரில்லாமல் எண்களாகத்தான் வந்தன. எது எந்தக் கோலம் என்று அந்த அக்கா உட்கார்ந்து பிரித்ததை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. பேக்கப் வெளி டிஸ்க்கில் இருக்க வேண்டும். டி டிரைவில் இருப்பது பேக்கப்பே இல்லை.

நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், பிரின்டர் மூன்றும் அப்போதே தெரிந்துவிடும். சில பழைய லேசர் பிரின்டர்கள் உயிரை வாங்கும். விண்டோஸின் பிட்லாக்கர் கொண்டு டிஸ்க்கைப் பூட்டிய மெஷின் என்றால் ரெகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பழைய கோப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழ்99 தட்டச்சு லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி மூலம் கிடைக்கும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே மெஷினில் சேர்த்து வைத்தவர்கள் மறுநாளே போன் செய்வார்கள்: "விண்டோஸில் மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி போகுது!" கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாகப் படிக்கிறது. ஒரு கட்டளையில் சரியாகிவிடும்.

டேலி, ஜிஎஸ்டி டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை, இவற்றில் பிழைப்பவர்களை நான் லினக்ஸுக்கு இழுப்பதில்லை. சோறு போடும் மெஷினில் சோதனை வேண்டாம்.

கடைக்குக் கொண்டு வரும்போது சார்ஜரையும் எடுத்து வாருங்கள். பழைய பேட்டரியை நம்பி நான் இன்ஸ்டால் தொடங்க மாட்டேன்.