வெந்நீர் விழும் கரையில் கணக்கெடுப்பு

சிங்கப்பூரின் வடகரையில், ஜோகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரைக்குச் சற்று மேற்கே செனோக்கோ மின்நிலையம். டர்பைனைச் சுழற்றிய நீராவியை மீண்டும் நீராக்கக் கடல்நீர் வேண்டும். 200 மெகாவாட் வெப்பத்தை அகற்றி, அதனால் கடல்நீரின் சூடு 8 டிகிரிக்கு மேல் கூடாமல் இருக்க, நொடிக்குச் சுமார் 6,000 லிட்டர் தேவைப்படும்.

உள்ளே போகும் நீரோடு மீன்முட்டைகளும் இறால் குஞ்சுகளும் போகின்றன. பெரிய மீன்களைத் தடுக்கும் சல்லடை இவற்றைத் தடுக்காது. குழாய்களில் கொட்டலசும் பச்சை மட்டியும் ஒட்டாமலிருக்கக் குளோரின் வேறு. வெளியே வரும் வெந்நீர் அடர்த்தி குறைந்தது, மேலே மிதந்து பரவும். அதில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும்.

குளிர்நாட்டு மீனுக்கு ஓரளவு சூடு கூடினாலும் தாங்க இடமுண்டு. நம் கடலோ ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரி வரை இருக்கிறது. இங்குள்ள உயிர்கள் தாங்கும் எல்லையை ஒட்டியே வாழ்கின்றன. வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் பவளப்பாறை வெளிறிவிடும். இதனால்தான் வெந்நீர் விழும் கரையில் உயிர்களை எண்ணிப் பார்க்கும் கண்காணிப்பை நான் சடங்காகப் பார்ப்பதில்லை.

வேலை எளிமையானதுதான். நீர் வற்றும் நேரத்தில் நாடாவை விரித்து, அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே கடற்புல் எவ்வளவு பரவியிருக்கிறது, எத்தனை நத்தைகள் என்று எண்ணுவார்கள். நீரில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகள் தொங்கும்.

ஆனால் ஒரே இடத்து எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. 2007-இன் தொடக்கத்தில், இதே ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பக்கம், புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையில் கடற்பஞ்சுகளும் கடற்சாமந்திகளும் கூட்டமாக மடிந்தன. மலேசியாவின் ஜோகூரில் கொட்டித் தீர்த்த மழைவெள்ளம் கடலின் உப்பைக் குறைத்துவிட்டது. அந்த நேரம் மின்நிலைய வாசலில் மட்டும் சட்டம் வைத்து, அங்கும் உயிர்கள் குறைந்திருந்தால், பழி வெந்நீர் மீது விழுந்திருக்கும்.

எனவே வெந்நீர் எட்டாத, மற்றபடி ஒத்த கரை ஒன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்; நிலையம் இயங்கும் முன்பிருந்தே எண்ண வேண்டும். முந்தைய கணக்கு இல்லாத பழைய நிலையம் என்றால், நீர் விழும் வாயிலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 1,000 மீட்டர் என்று நகர்ந்து எண்ணுவார்கள். வெள்ளமோ வெயிலோ இந்த மூன்று இடங்களையும் ஏறக்குறைய ஒன்றாகவே தாக்கும். வாயிலை நெருங்க நெருங்க மட்டும் உயிர்கள் குறைந்துகொண்டே போனால், அப்போது நிலையத்திடம் கேள்வி கேட்கலாம்.