விடைக்கோழி எப்போது முட்டைக்கு வரும்?

போன மாதம் ஒரு விடைக்கோழி, அதாவது முட்டைக்கு வரும் பருவத்து இளங்கோழி, மஞ்சள் பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தது. கொண்டுவந்த அம்மா பையை மேசைமேல் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். "ஏழு மாதம் முடிந்துவிட்டது டாக்டர். இதோடு பொரித்த எதிர்வீட்டுக் கோழி ஒரு மாதமாக முட்டை வைக்கிறது. ஏதாவது ஊசி இருந்தால் போடுங்கள்" என்றார்.

அப்படி ஓர் ஊசி என்னிடம் இல்லை. கோழியை வாங்கிப் பார்த்தேன். கொண்டையும் தாடியும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன. முதுகில் கையை வைத்ததும் சிறகைச் சற்றே விரித்துப் பதுங்கியது. சேவலை ஏற்றுக்கொள்ளும் பருவத்துக்கு வந்த கோழிதான் இப்படிப் பதுங்கும். திருப்பிப் பிடித்து, ஆசனவாய்க்குக் கீழே இரு பக்கமும் நீளும் இடுப்பெலும்பு முனைகளைத் தொட்டேன். முட்டைக்கு வராத கோழிக்கு அந்த இடைவெளியில் ஒரு விரல்கூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும். இரண்டு விரல் நுழைந்தால் நாள் நெருங்குகிறது என்று பொருள். இந்தக் கோழிக்கு மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

"இது முட்டை வைக்கிறது அம்மா. உங்களுக்குத்தான் காட்டவில்லை. வீட்டைச் சுற்றித் தேடிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். என்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முட்டைக்குக் காத்திருப்பவர்களின் அவசரத்துக்கு ஒரு காரணம், அவர்கள் போடும் கணக்கு. நாமக்கல் பண்ணைகளில் வெள்ளைக் கோழி பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கி ஆண்டுக்கு முந்நூறு முட்டை கொடுக்கிறது. அதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனம் அது. தீவனமும் விளக்கு வெளிச்சமும் அளந்து கொடுக்கிறார்கள். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஆறு, ஏழு மாதம் ஆகும். அசில் இனம் எட்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். பிறகும் பத்துப் பதினைந்து முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டை வந்தால் நல்ல கோழி. கிராமப்பிரியா, வனராஜா போன்ற, கொல்லையில் வளர்ப்பதற்கென்று உருவாக்கிய இனங்கள் ஆறு மாதத்தை ஒட்டி வரும். தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை வாங்கியவர்கள் காத்திருக்கவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள்.

கோழி தாமதிப்பதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. அதை விரட்டப் பார்ப்பதில்தான் கெடுதல் வருகிறது. சில மாதங்களுக்கு முன் ஐந்து மாதக் கோழி ஒன்றை இறந்த நிலையில் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் ஒரே வாரத்தில் இறந்த மூன்றாவது கோழி அது. வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் என்று நினைத்துப் பயந்துபோயிருந்தார்கள். அறுத்துப் பார்த்தபோது இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படலம் இருந்தது. சிறுநீரகம் வீங்கியிருந்தது. என்ன தீவனம் என்று கேட்டேன். சீக்கிரம் முட்டை வைக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி, இரண்டாம் மாதத்திலிருந்தே முட்டைக்கோழித் தீவனம் போட்டிருக்கிறார்கள். போதாததற்குத் தண்ணீரில் கால்சியம் டானிக்.

வளரும் கோழியின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஒரு சதவீதம் அளவுக்கு இருந்தால் போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் அது மூன்றரை முதல் நான்கு சதவீதம். முட்டையிடும் கோழிக்கு அது தேவை, ஏனென்றால் ஓடு முழுக்கச் சுண்ணாம்புதான். முட்டையிடாத கோழிக்கு அதைப் போக்க ஓடு என்ற வழியே இல்லை. எல்லாம் சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் வெளியேறாமல் உறுப்புகளின் மேல் படியும். அந்த வெள்ளைப் படலம் அதுதான். அதற்கு மருந்து கிடையாது.

கொண்டை சிவக்கத் தொடங்கும்வரை வளர்தீவனமோ, கம்பும் குருணையும் மேய்ச்சலுமோ போதும். முட்டைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கோழி தன் எலும்புக்குள் சுண்ணாம்பைச் சேர்த்துவைக்கும். அப்போது கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையான அளவை அதுவே கொத்திக்கொள்ளும். சாயங்கால வேளையில் வைப்பது இன்னும் நல்லது. ஓடு உருவாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது.

எட்டு மாதம் தாண்டியும் கொண்டை வெளிறி, நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டிருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் குடற்புழு. எச்சத்தைத் தீப்பெட்டியில் கொண்டுவந்தாலே பார்த்துச் சொல்லிவிடுவோம். குடற்புழு மருந்தை முட்டைக்கு வருமுன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். தாமதித்தால் அந்த நாள்களில் வரும் முட்டையை உண்ணலாமா என்ற கேள்வி எழும். கழிச்சல் தடுப்பூசியும் அப்படித்தான், எட்டு வாரத்தில் போட வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். பிப்ரவரியில் அரசு நடத்தும் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கோழி சரியாக இரை எடுக்காது. அப்போது சில வாரம் தள்ளிப்போனால் கவலைப்பட ஒன்றுமில்லை. நிழலும் தண்ணீரும்தான் அந்த நேரத்து மருந்து.

முட்டை இருக்கிறதா என்று காலையில் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. என் பாட்டியும் அப்படித்தான் பார்ப்பார், சரியாகவும் சொல்வார். ஆனாலும் வேண்டாம். நகம் பட்டுப் புண்ணாகும், உள்ளே கிருமி போகும், மெல்லிய ஓடு உடைந்தால் உயிருக்கே ஆபத்து. வெளியே இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்ப்பதே போதும்.

மூலை மூலையாக நுழைந்து பார்த்துக்கொண்டு, கேறிக்கொண்டே திரியத் தொடங்கினால் அது இடம் தேடுகிறது. இருட்டான ஒரு மூலையில் கூடையில் வைக்கோல் போட்டு வையுங்கள். முன்பெல்லாம் அடையாளத்துக்கு ஒரு கூமுட்டையை வைப்பார்கள். அது வெடித்தால் கூடைப் பக்கமே போக முடியாது. மரத்தில் கடைந்த முட்டையோ பிளாஸ்டிக் பந்தோ போதும், கோழி ஏமாந்துவிடும்.

முதல் முட்டை எலுமிச்சம்பழ அளவில் இருக்கும். ஓட்டில் இரத்தக் கீற்று இருக்கலாம். சில நாள் ஓடில்லாத தோல்முட்டை வரும், சில நாள் இரட்டைக் கரு வரும், சில நாள் மஞ்சள் கருவே இருக்காது. இதெல்லாம் ஓரிரு வாரத்தில் சீராகிவிடும். ஆனால் கோழி வாலைத் தாழ்த்தி, இரை எடுக்காமல், முக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் அடிவயிறு நனைய உட்காரவைத்து, அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஆசனவாயிலிருந்து சிவந்த சதை பிதுங்கித் தெரிந்தால் முதலில் மற்ற கோழிகளிடமிருந்து பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் அவை கொத்தாமல் விடாது.

அந்த அம்மா அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். இந்த முறை பையில் கோழி இல்லை, உமி நிரப்பிய தூக்குவாளி இருந்தது. உள்ளே பதினொரு முட்டைகள். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், விறகுக் கட்டின் அடியில் இருந்தனவாம். தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், நான்கு மிதந்தன.

"மிச்சத்தை அடை வைக்கலாமா டாக்டர்?"

"சேவல் இருக்கிறதா?"

"தீபாவளிக்கு அடித்துவிட்டோம்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "எதிர்வீட்டுச் சேவல் வேலி தாண்டி வரும்" என்றார்.

முட்டையிடச் சேவல் வேண்டாம், பொரிக்கத்தான் வேண்டும். அதோடு, முதல் ஈட்டு முட்டைகள் சிறியவை, குஞ்சும் சிறுத்துத்தான் வரும் என்று சொல்லி, ஏழையும் குழம்புக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் தூக்குவாளி வந்தது. திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது.