நிலாவைக் காட்டினால் விரலைப் பார்க்கும் குழந்தை

"மகனுக்கு இரண்டு வயது. மாடியில் சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டினால் என் விரலைத்தான் பார்க்கிறான். ஆட்டிசமாக இருக்குமோ? இத்தனை சின்ன வயதில் என்னதான் சிகிச்சை கொடுப்பார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. காது சரியாகக் கேட்கிறதா என்பதிலிருந்து பல பரிசோதனைகள் உண்டு. ஆனால் அவர் கவனித்திருப்பது முக்கியமான விஷயம்.

ஒரு வயதையொட்டிக் குழந்தைகள் விரல் நீட்டத் தொடங்குகின்றன. பிஸ்கட் டப்பாவை நோக்கி நீட்டினால் 'எடுத்துக் கொடு' என்று பொருள். மதில்மேல் இருக்கும் பூனையைக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தால்? அப்போது அதற்கு எதுவும் வேண்டாம். தான் பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள். பேச்சு வருவதற்கு இது பெரிய துணை. அம்மா "காக்கா" என்கிறார். குழந்தையும் அவர் பார்க்கும் பக்கம் பார்த்தால் சொல் காக்காவோடு ஒட்டிக்கொள்ளும். கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒட்ட இடமில்லாமல் போய்விடும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இப்படிச் சேர்ந்து பார்ப்பது எளிதில் வருவதில்லை.

சரி, என்ன செய்வது? "இங்கே பாரு" என்று முகவாயைப் பிடித்துத் திருப்பத்தான் நமக்குத் தோன்றும். இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்குக் கொடுக்கும் ஒரு பயிற்சியில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். குழந்தை எங்கே பார்க்கிறதோ, அங்கே நாம் போக வேண்டும். பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது குழந்தை. அம்மா காரைப் பிடுங்குவதில்லை. எதிரே தரையில் படுத்து, முகத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து "சுத்துது" என்கிறார். அப்புறம் பேசாமல் காத்திருக்கிறார். சக்கரம் நிற்கிறது. குழந்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறது. "சுத்தட்டுமா?"

இதையெல்லாம் வீடியோ எடுத்து, பெற்றோருடன் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். பயிற்சியாளர் அந்தக் கணத்தில் படத்தை நிறுத்தி, "இப்போ உங்களைப் பார்த்தான், கவனிச்சீங்களா?" என்பார். பார்க்கவே மாட்டான் என்று நினைத்திருந்த தாய், தன் மகன் பார்த்ததைத் திரையில் பார்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அடுத்த தடவை வீடியோ இல்லாமலே அந்தக் கணம் அவர் கண்ணில் படும்.

இங்கிலாந்தில் உருவான இந்த முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. பயிற்சி கொடுத்தவர்கள் டாக்டர்களோ நிபுணர்களோ அல்ல. இதற்கென்று பழக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. ஏன் என்று தெரிய இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். நிபுணர்கள் குறைவாக உள்ள நம் நாட்டில் அரசு பணம் போட வேண்டிய ஆராய்ச்சி இதுதான் என்பது என் கருத்து.

"அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். நாக்கில் வசம்பு தடவச் சொல்வார்கள், பரிகாரம் சொல்வார்கள். மூளை வேகமாக வளரும் மாதங்கள் அதிலேயே கழிந்துவிடுவதைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மையங்கள்) இருக்கின்றன, கட்டணம் இல்லை. அங்கே காட்டுங்கள். அதுவரை, இன்று இரவு மாடியில் அவன் எதைப் பார்க்கிறான் என்று பாருங்கள். விரலைப் பார்த்தால் அந்த விரலை மெல்ல ஆட்டி, "விரல்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.