கரியைக் குத்தினால் பச்சை எப்படி வரும்?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “ஆச்சி கையில் குத்தியது விளக்குக் கரிதானாம். அப்புறம் ஏன் பச்சையாகத் தெரிகிறது?”

பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய் என்று நாம் சொல்லும் பச்சைகள் பலவற்றில் நிறமே கிடையாது. பச்சை குத்துவதில் நிறம் உண்டு, ஆனால் மையில் இல்லை.

மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்துத் தேய்த்து, துணியில் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். கீரையின் பச்சைதான் தோலில் ஏறியது என்று நினைக்கத் தோன்றும். பச்சையம் அந்தத் தீயில் தப்பாது. மிஞ்சுவது கன்னங்கரிய கார்பன்.

ஊசி அந்தக் கரியை மேல்தோலுக்குக் கீழே, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகிறது. அங்குள்ள விழுங்கு செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்வதால் ஆயுசுக்கும் அழிவதில்லை.

சரி, இனி வெளிச்சத்தின் வேலை. தோலில் படும் ஒளியில் சிவப்பு ஆழமாகப் போய், அங்குமிங்கும் சிதறித் திரும்பி வரும். நீலமும் பச்சையும் அவ்வளவு ஆழம் போகாமல் மேலாகவே சிதறித் திரும்பிவிடும். நடுவில் கரி இருந்தால், ஆழம் போகிற சிவப்பு அதில் மாட்டிக்கொள்கிறது. மேலோடு திரும்பும் நீலமும் பச்சையும் ஓரளவு தப்புகின்றன. அந்த நீலத்திலும் பெரும்பங்கை மாநிறத் தோலின் மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருள், குடித்துவிடும். வெளுத்த தோலில் அதே மை நீலமாகத் தெரிவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. கண் எந்த நிறத்தையும் தனியாக எடைபோடுவதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே சொல்கிறது. சுற்றிலும் சிவப்பு கூடுதல், இங்கே மட்டும் குறைவு என்றால், உடனே பச்சை என்று தீர்மானித்துவிடுகிறது. மணிக்கட்டில் நாம் நரம்பு என்று சொல்லும் சிரையும் இப்படித்தான். உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். ஒரு தாளில் சின்ன ஓட்டை போட்டு, சுற்றியுள்ள தோல் மறையும்படி அதை மட்டும் பாருங்கள். பச்சை வெகுவாக மங்கிவிடும். 1996-இல் ஆல்வின் கீன்லேவும் சக ஆய்வாளர்களும் இதை அளந்தே காட்டினார்கள்: சிரைக்கு மேலிருந்தும் நீலத்தைவிடச் சிவப்புதான் அதிகம் திரும்பி வருகிறது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் தோலுக்குள் போகும் சிவப்பு ஒளியை நம்பித்தான் வேலை செய்கிறது. கருமையான தோலில் அது சிலசமயம் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டி, ஆபத்தை மறைத்துவிடுவது கொரோனா காலத்தில்தான் பரவலாகப் பேசப்பட்டது. மெலனின் நிறைந்த தோலில் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்று அளக்க நம் ஆய்வகங்களுக்குத் தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும்.