வயிற்றைச் சேற்றில் வைத்தால் பின்னணி கரையும்

முதல் வருடம் கோடியக்கரையில் எடுத்த, கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவையின் படங்களை வீட்டில் காட்டினேன். “சேத்துல கல்லு கெடக்கு, இதப் போயா எடுத்துட்டு வந்த?” என்றார் அம்மா. அவர் சொன்னதில் தப்பில்லை. எல்லாமே வரப்பில் நின்றபடி எடுத்தவை. ஆர்க்டிக் துந்திராவிலிருந்து பறந்து வந்த, முப்பது கிராம்கூடத் தேறாத பறவை, சேற்றோடு சேறாகக் கிடந்தது.

மறுமுறை அதே லென்ஸோடு படுத்துவிட்டேன். படமே வேறாகிவிட்டது. காரணம் பள்ளிக்கூட வடிவியல்தான்.

பறவை 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் கண் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், பறவையின் கண்ணைத் தாண்டிப் போகும் பார்வைக்கோடு 70 சென்டிமீட்டர் தாண்டியதுமே தரையில் முட்டும். அங்கிருக்கும் சேறுதான் பின்னணி. கேமராவை 15 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அதே கோடு முட்டுவது, பறவைக்கு 20 மீட்டர் பின்னால். 500 மி.மீ. லென்ஸில், ஒரே அபர்ச்சரில் (லென்ஸின் துளை அளவில்), பின்னணியின் மங்கல் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சிப்பியும் கால்தடமும் மறைந்து வெறும் நிறம் மிஞ்சும். அதன் மேல் பறவை தனித்து நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. தரையை ஒட்டித்தான் காற்று அதிகம் சூடாகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், வேதாரண்யம் உப்பளங்களில் வெயில் ஏறியதும் இறகின் விளிம்பெல்லாம் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் கானலை வெல்லாது. விடியலில் போய், வெயில் உறைக்கும் முன் எழுந்துவிடுவதே நல்லது. லென்ஸுக்கு அடியில் வைக்க, பழைய பேண்ட் காலை வெட்டித் தைத்து உமி நிரப்பிய பை போதும். டெல்டாவில் உமிக்கா பஞ்சம்?

உப்புப் பாத்தியில் கேமராவும் ஏமாறும். எதைப் பார்த்தாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அதன் ஒளிமானி எண்ணும். வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கிவிடும். ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டிப் பாருங்கள். நெடுங்கால் உள்ளானின் வெள்ளை வயிறு வெளிறினால் மட்டும் குறையுங்கள்.

கிளிக் செய்யும் நேரத்தைப் பறவையின் தீனிப் பழக்கமே சொல்லும். உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடுவது: ஓடும், சட்டென நிற்கும், பார்க்கும், கொத்தும். அந்த நிற்கும் நொடி நமக்கானது. கொசு உள்ளானோ தையல் மிஷின்போல ஓயாமல் கொத்தும். 1/1000 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் இல்லையென்றால் தலை கலங்கிவிடும். அது போகும் பக்கம் இடம் விடுங்கள். தண்ணீரில் நின்றால் பிம்பத்தின் தலையை வெட்டாதீர்கள்; நான் நிறைய வெட்டியிருக்கிறேன்.

துரத்தினால் கூட்டமே எழும்பும், தின்று சேர்த்த தெம்பு வீணாகும். போன ஜனவரியில் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தேன். ஒரு கொசு உள்ளான் கொத்திக்கொண்டே வந்தது, வந்தது, லென்ஸால் ஃபோகஸ் செய்யவே முடியாத கிட்டத்துக்கு வந்துவிட்டது. படம் கிடைக்கவில்லை. அது என் உமிப்பையின் ஓரத்தில் கொத்திவிட்டுப் போனது.