வெட்டி எறியப்பட்ட கடைசி நொடிகள்: ஒரு ஃபார்வர்டை எப்படிச் சோதிப்பது?

2018 கோடையில் உங்கள் போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கலாம். ஒரு தெரு, சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள், வண்டி மெதுவாகிறது, பின்னால் இருப்பவர் ஒரு சிறுவனைச் சட்டென்று தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. சிசிடிவியில் பதிவானது போலவே இருக்கும். கூடவே தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று அந்தந்த ஊருக்கு ஏற்ற மாதிரி ஓர் எச்சரிக்கை: வெளியூர்க் கும்பல் ஒன்று இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.

அது கராச்சியில் எடுத்த வீடியோ. காணாமல்போகும் குழந்தைகளுக்காக இயங்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனத்துக்காக எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். முழுப் படத்தையும் பார்த்தால் அதே பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடும், பின்னால் இருப்பவர் ஒரு அட்டையை விரித்துக் காட்டுவார். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று அதில் எழுதியிருக்கும். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார், அவ்வளவுதான். ஏஐ எதுவும் தேவைப்படவில்லை, எந்த போனிலும் செய்யக்கூடிய வேலை. குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் கொலைக்குக் காரணமானது இப்படித்தான்.

அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூர் கிராமத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்க காரை நிறுத்திய ஒரு குடும்பம் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில், சென்னையிலிருந்து வந்திருந்த 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற சிற்றூரில் ஐந்து பேர். அந்தப் பகுதியில் சுற்றிய படங்களில் ஒன்று, வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைகளின் உடல்கள். உடலுறுப்புத் திருட்டு என்று சொல்லிப் பரப்பினார்கள். உண்மையில் அது 2013இல் சிரியாவின் கூட்டாவில் நடந்த விஷவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படம்.

கவனித்தீர்களா, வீடியோவும் சரி, புகைப்படமும் சரி, கேமராவில் உண்மையாகவே எடுத்தவை. பொய் இருந்தது படத்தோடு ஒட்டிய ஊரிலும் தேதியிலும் காரணத்திலும். அதனால் வீடியோவை நூறு முறை உற்று உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது. டிஜிட்டல் எழுத்தறிவு, ஊடக எழுத்தறிவு என்றெல்லாம் பெரிய பெயர் வைத்து நடத்தும் பல வகுப்புகள் சொதப்புவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்: 'எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள், படம் மங்கலாக இருக்கிறதா பாருங்கள், வெப்சைட் அழகாக இருக்கிறதா பாருங்கள்' என்று செய்திக்குள்ளேயே தலையை விட்டுத் தேடச் சொல்வது.

சரி, மூளை ஏன் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறது? 1977இல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டோப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் பொது அறிவு வாக்கியங்கள் 60ஐக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும், அப்புறம் இன்னொரு இரண்டு வாரம் கழித்து மறுபடியும். பெரும்பாலான வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் புதியவை, சில மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. திரும்ப வந்தவற்றின் மேல் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது, அவை உண்மையோ பொய்யோ பேதமில்லாமல். ஏற்கெனவே கேட்டதை மூளை சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறது, அந்தச் சிரமமின்மையையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பிறகு வந்த ஆய்வுகளில், சரியான விடை ஏற்கெனவே தெரிந்தவர்களிடமும் இதே விளைவு தெரிந்தது. ஆக, ஒரே வீடியோ குடும்ப குரூப்பிலும் அபார்ட்மென்ட் குரூப்பிலும் பள்ளிக்கூட குரூப்பிலும் வந்தால், மூன்று பேர் தனித்தனியாகச் சாட்சி சொன்ன மாதிரி நமக்குத் தோன்றிவிடுகிறது. மூன்றுமே ஒரே கிளிப்பின் நகல்கள் என்பது உறைப்பதில்லை. அதிலும் அனுப்பியவர் பெரியப்பா என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. 2018 ஜூலைக்கு முன்பு ஒரு செய்தியை ஒரே தடவையில் 250க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்ப வாட்ஸ்அப் விட்டது, அப்போது ஒரு குரூப்பிலும் 256 பேர் வரை இருக்க முடிந்தது. எல்லாமே நிறைந்த குரூப்புகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு விரல் தட்டலில் 60 ஆயிரம் பேருக்கு மேல். அந்தக் கொலைகளுக்குப் பிறகு இந்தியாவில் அந்த எல்லையை 5ஆகக் குறைத்தார்கள். அப்போதும் 1,280 பேர். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று வந்தது, அதன்பின் அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது.

செய்தியை வாட்ஸ்அப் படிக்க முடியாது என்கிறார்கள், அப்புறம் அது பலமுறை கைமாறியது என்று மட்டும் எப்படித் தெரியும்? எண்ணிக்கை செய்தியோடு சேர்ந்தே, பூட்டப்பட்ட நிலையில் பயணிக்கிறது. ஒவ்வொரு ஃபார்வர்டிலும் போனே அதில் ஒன்று கூட்டும். ஐந்து கை தாண்டினால் இரட்டை அம்புக்குறி வந்துவிடும். ஆனால் அதே வீடியோவை ஒருவர் கேலரியிலிருந்து எடுத்துப் புதிதாக அனுப்பினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே அம்புக்குறி இருந்தால் உஷாராகுங்கள், இல்லையென்றால் நிம்மதியாகிவிட வேண்டாம்.

வேகத்துக்குக் காரணம் ரோபோ கணக்குகள்தான் என்று சொல்லிக் கைகழுவவும் முடியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை அலசி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் ஆனது. தானியங்கிக் கணக்குகள் இரண்டையும் ஒரே வேகத்தில்தான் தள்ளின. வித்தியாசம் மனிதர்களால் வந்தது.

இனி சோதிக்கும் வழிக்கு வருவோம். முதலில் படத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடுவது. கராச்சி வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடவிட்டு, பைக்கும் சிறுவனும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டால் போதும். அந்த விளம்பரத்தைப் பற்றி ஏற்கெனவே வந்த பக்கங்களை அது இழுத்து வரப் பார்க்கும். ஒரு காட்சியில் கிடைக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று காட்சிகள்.

எப்படி இது சாத்தியம்? இணையத்தில் உள்ள கோடிக்கணக்கான படங்களோடு உங்கள் படத்தைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் வேலைக்கே ஆகாது. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி அமுங்கிப்போன படத்தில் ஒரு புள்ளிகூட மூலப்படத்தோடு பொருந்தாமல் இருக்கலாம். அதனால் படத்துக்கு ஒரு கைரேகை எடுக்கிறார்கள். பல முறைகள் உண்டு, புரிந்துகொள்ள எளிதான ஒன்றைச் சொல்கிறேன். படத்தைக் கறுப்புவெள்ளையாக்கி, அகலத்தில் 9, உயரத்தில் 8 புள்ளிகள் மட்டும் இருக்கும்படி சுருக்குங்கள். முகம், பைக், தெரு எல்லாம் காணாமல்போய் வெறும் வெளிச்சத் திட்டுகள் மிஞ்சும். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கப் புள்ளி அடுத்த புள்ளியைவிட வெளிச்சமா என்று கேளுங்கள்: ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. வரிசைக்கு 8 பதில், 8 வரிசைக்கு 64. அந்த 64 இலக்கங்கள்தான் கைரேகை. படத்தை அமுக்கினாலும், நிறத்தைக் கொஞ்சம் மாற்றினாலும், எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்ற ஒழுங்கு பெரிதாக மாறாது. இரண்டு கைரேகைகளில் நாலைந்து இலக்கம்தான் வேறுபடும். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள் என்றால் சராசரியாகப் பாதி, அதாவது 32 இடங்களில் வேறுபடும்.

படத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டால் இந்தக் கைரேகை ஏமாந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும், வதந்திக்காரர்கள் அப்படிச் செய்வதும் உண்டு. இப்போதைய தேடுபொறிகள் இதைவிடப் பலமடங்கு கெட்டி. நரம்பியல் வலைப்பின்னல்கள் எனப்படும் ஏஐ நிரல்கள் படத்தில் உள்ள பொருள்களையும் வடிவங்களையும் நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி, அந்த எண்கள் வேறு எந்தப் படத்தின் எண்களோடு நெருங்குகின்றன என்று பார்க்கின்றன. அடிப்படை எண்ணம் அதேதான். ஒரு விஷயம்: தேடுபொறி இதற்கு முன் பார்த்திராத படத்துக்கு எந்தக் கைரேகையும் உதவாது, நேற்று ஏஐயில் பிறந்த படத்துக்கு மூலம் என்று ஒன்றே இல்லை. முடிவு வெறுமையாக வந்தால் படம் உண்மை என்று அர்த்தமில்லை.

படமே இல்லாத செய்திகளுக்கு என்ன செய்வது? ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை உட்காரவைத்துப் பார்த்தார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10, ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25, தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10. குழந்தை மருத்துவர்கள் அமைப்பு என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு தளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இலிருந்து இருக்கும், பல்லாயிரம் மருத்துவர்கள் அடங்கிய பெரிய சங்கம். மற்றது 2002இல் கொள்கைச் சண்டையில் அதிலிருந்து பிரிந்த சின்னக் குழு, தளம் மட்டும் பளிச்சென்று இருக்கும். மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சின்னக் குழுவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். லோகோ, அடிக்குறிப்பு, விளம்பரம் இல்லாத பக்கம் என்று மேலிருந்து கீழ்வரை பொறுப்பாகப் படித்தார்கள், பாவம். வரலாற்றாசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைப் படிக்கவே இல்லை. வந்த வேகத்தில் புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமே மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் தெருமுனைக் கடையில் விசாரிக்கிறோமே, அதே வேலைதான். பத்துப் பேரும் சரியான விடை சொன்னார்கள். படிப்பாளிகளிடம் இல்லாதது அறிவல்ல, இந்தப் பழக்கம்.

பழக்கம் என்பதால்தான் ஒருநாள் கூத்தாக நடத்தும் வகுப்புகள் எடுபடுவதில்லை. 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியலாளர் பீகாரில் 1,224 பேரை வைத்து ஆய்வு செய்தார். ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம், படத்தைத் தேடுவது எப்படி என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. பயிற்சி பெற்ற ஆளுங்கட்சி ஆதரவாளர்களோ தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் முன்னைவிட மோசமானார்கள்! தன் கட்சியைச் சந்தேகிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

அதே பத்ரிநாதனும் இன்னும் சிலரும் பிறகு பீகார் அரசோடு சேர்ந்து வேறு விதமாக முயன்றார்கள். 583 கிராமங்கள், பெரியவர்களை விட்டுவிட்டு 13,500க்கும் மேற்பட்ட மாணவர்கள். பாடம் ஊர் நூலகங்களில், நாலு வகுப்புகள், சில மாதங்களில் பரவலாக. கட்சி அரசியலைத் தொடாமல், நோய், மருந்து, நாட்டுவைத்தியம் பற்றிய பொய்களில் தொடங்கினார்கள். இந்த முறை பலித்தது. நாலு மாதம் கழித்தும் பிள்ளைகள் பொய்யையும் மெய்யையும் மற்றவர்களைவிட நன்றாகப் பிரித்தார்கள், வகுப்பில் தொடாத அரசியல் செய்திகளிலும்கூட. வகுப்புப் பக்கமே வராத பெற்றோர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது, பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதால். பெரியப்பாவிடம் யார் பேசுவது என்று நம் குடும்ப குரூப்புகளில் எல்லோரும் தயங்கிக்கொண்டிருக்கிறோமே, அதற்கு எட்டாவது படிக்கிற பேத்திதான் சரியான ஆள் போலிருக்கிறது.